சமையல் இதழ்த் தொகுப்புகளும் அடுக்களைச் சொற்களும்: வங்காள இதழ்களை முன்வைத்து

1. முன்னுரை

ஒரு மொழியின் சொல்வளத்தை அறிய இலக்கியங்கள், கல்வெட்டுகள், நிகண்டுகள், அகராதிகள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நாள்தோறும் ஒவ்வொரு வீட்டிலும் வழங்கும் அடுக்களைச் சொற்களுக்கோ இச்சான்றுகள் போதுவதில்லை. விருந்தைப் பாடும் புலவர் உணவின் பெயரைச் சொல்வார். அது எக்கலத்தில், எவ்வளவு தீயில், எந்தப் பதம் வரும்வரை வைக்கப்பட்டது என்று சொல்லமாட்டார். வங்காள இலக்கியத்தில் 16ஆம் நூற்றாண்டினரான முகுந்தராம் சக்கரவர்த்தியின் சண்டிமங்கலம் குல்லனா சமைக்கும் பகுதியில் உணவுவகைகளை அடுக்கிக் கூறுகிறது. உணவின் பெயர்கள் அங்கு நிறைய உண்டு. செய்முறைச் சொற்களுக்கு வேறிடம் தேடவேண்டியுள்ளது.

அவ்வேறிடங்களுள் முதன்மையானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இந்திய மொழிகளில் வெளிவந்த சமையல் இதழ்களும், மகளிர் இதழ்களின் சமையற் பகுதிகளும் ஆகும். இவற்றைத் திரட்டிப் பாதுகாத்தவர்களுள் பெரும்பாலோர் மொழியறிஞர் அல்லர். இல்லத்தரசியரும் பழைய புத்தக ஆர்வலரும் ஆவர். சமையல் இதழ்கள் பிற்காலத்தில் நூல்வடிவம் பெற்றுவிட்டால் மூல இதழ்களுக்குத் தேவையில்லை என்னும் எண்ணம் நூலகங்களிடையே உண்டு. அவ்வெண்ணம் மொழியாய்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இழப்பு விளைவிப்பது என்பதை வங்காள இதழ்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

2. வங்காளச் சமையல் எழுத்தின் தொடக்கம்

வங்க மொழியில் அச்சேறிய முதற் சமையல் நூல் எனக் கருதப்படுவது 1831இல் வெளிவந்த 'பாகராஜேஸ்வர்' ஆகும். இதனை அடுத்து 1858இல் 'வ்யஞ்சன ரத்னாகர்' வெளிவந்தது. இரண்டும் பர்தமான் அரசகுடும்பத்தின் ஆதரவோடு தொடர்புடையவை. முகலாய அரசவையின் பாரசீகச் சமையற் சுவடிகளுக்குக் கடன்பட்டவை. பண்டிதர் எழுதிய நூல்கள் ஆதலின் இவற்றின் நடை வடசொற்கள் மிக்கது. நாள்தோறும் அடுப்பின்முன் நின்றவர் இந்நூல்களைப் படித்துச் சமைத்திருப்பர் என்று கொள்வதற்கில்லை. அரண்மனையின் சமையலறைக்கும் ஊர் வீட்டின் அடுக்களைக்கும் இருந்த தொலைவு இந்நூல்களின் மொழியிலும் இருந்தது.

இந்நிலையை மாற்றியது இதழ் என்னும் வடிவம். 1863இல் தொடங்கி 1922வரை நடைபெற்ற 'வாமாபோதினி பத்ரிகா' மகளிர் கல்வியை நோக்கமாகக் கொண்டது. சமையற் குறிப்புகளுக்கும் அதில் இடமிருந்தது. 1883ஆம் ஆண்டளவில் விப்ரதாஸ் முகோபாத்யாய் 'பாக்-பிரணாலி' என்னும் பெயரில் சமையலுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். 'சமையல் முறை' என்பது அப்பெயரின் பொருள். 1898இல் தோன்றிய 'அந்தப்புர்' மகளிரே ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்து நடத்திய இதழ்; அதுவும் சமையற் குறிப்புகளை வெளியிட்டது. இவ்வாறு ஒரு தலைமுறைக் காலத்திற்குள் வங்காள அடுக்களையின் பேச்சு அச்சுக்கு வந்தது.

இதே காலத்தில் ஆட்சியாளர் தரப்பிலும் இத்தகைய முயற்சியொன்று நிகழ்ந்தது. ஜார்ஜ் கிரியர்சனின் 'பீகார் பெசன்ட் லைஃப்' 1885இல் வெளிவந்தது. ஏர், வண்டி, செக்கு, தறி, பானை, உணவு என உழவர் வாழ்வின் பொருள்களை வகைப்படுத்தி அவற்றின் வட்டாரப் பெயர்களைத் தந்த அந்நூல், தொழிற்சொல் தொகுப்புக்கு முன்னோடியாகப் போற்றப்படுகிறது. அது தகுதியான பாராட்டே. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. கிரியர்சன் நூலில் சொல் பொருளின் பெயராகப் பட்டியலில் நிற்கிறது. சமையல் இதழில் அச்சொல் தொடரில் நிற்கிறது; தனக்குரிய வினையோடும், அடையோடும், அளவோடும் வருகிறது. பெயர்ச்சொற்களுக்குக் கிரியர்சன் சான்றாவது போல வினைச்சொற்களுக்குச் சமையல் இதழ்கள் சான்றாகின்றன.

3. 'புண்ய' இதழும் பிரக்ஞாசுந்தரி தேவியும்

வங்க ஆண்டு 1304இல், அதாவது 1897இல், கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தினரிடமிருந்து 'புண்ய' என்னும் இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் பிரக்ஞாசுந்தரி தேவி. இவர் தேவேந்திரநாத் தாகூரின் பேத்தி. ஹேமேந்திரநாத் தாகூரின் மகள். அசாமிய இலக்கியத்தின் தூண்களுள் ஒருவரான லக்ஷ்மிநாத் பேஜ்பருவாவை 1891இல் மணந்தவர். 'புண்ய' பல்துறை இதழாயினும் அதில் அவர் தொடர்ந்து எழுதிய சமையற் குறிப்புகளே பின்னாளில் அதற்குப் பெயர் தேடித்தந்தன. 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்' என்னும் அவருடைய சமையல் நூல் 1900 முதல் தொகுதிகளாக வெளிவந்தது.

இந்நூல் மொழியியலார் கவனத்திற்குரியதாவது அதில் அவர் சேர்த்துள்ள அடுக்களைச் சொல் விளக்கத்தால் ஆகும். 'தோலோ ஹாண்டி' என்பது சோறு வடிக்கும் பெரும்பானை என்றும், 'திஜேல் ஹாண்டி' என்பது பருப்பு வேகவைக்கும் அகன்ற வாயுடைய கலம் என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். கடலையும் பொரியும் மணலிட்டு வறுக்கும் 'பாலிகோலா' என்னும் ஓட்டுக்கும் அவருடைய பட்டியலில் இடமுண்டு. அன்று ஒவ்வொரு வீட்டிலும் வழங்கிய சொற்களுக்கு விளக்கம் எதற்கு என்று அவர் காலத்தார் எண்ணியிருக்கலாம். மண்கலம் மறைந்து உலோகக்கலம் நிலைபெற்றபின் இச்சொற்கள் நகர வழக்கிலிருந்து நீங்கின. இன்று அவற்றுக்குப் பொருள் தேடுவோர் அவர் தந்த விளக்கத்தையே நாடவேண்டியுள்ளது.

சொல்லாக்கத்திலும் அவர் ஈடுபட்டார். விருந்தில் பரிமாறப்படும் உணவுகளின் வரிசையைக் குறிக்க 'க்ரமணி' என்னும் சொல்லை அவர் வழங்கினார். 'க்ரம' என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்த இது ஆங்கிலத்தின் 'மெனு' என்பதற்கு நேரானது. அழகாக எழுதி விருந்தறைச் சுவரில் மாட்டலாம் என்பது அவர் கூறிய வழி. ஏறக்குறைய இதே காலத்தில், 1890களில், தோன்றிய வங்கீய சாகித்ய பரிஷத் அறிவியல் துறைகளுக்கான கலைச்சொல் ஆக்கத்தை மேற்கொண்டிருந்தது. பரிஷத்தின் கலைச்சொற்கள் வங்கமொழி வரலாற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. அடுக்களையில் பிறந்த கலைச்சொல் அவ்வரலாற்றின் ஓரத்தில்கூட இடம்பெறுவது அரிது. 'க்ரமணி' பொதுவழக்கில் நிலைபெறவில்லை, 'மெனு' நிலைபெற்றது. நிலைபெறாத சொல்லும் மொழிவரலாற்றுக்குச் சான்றே. எந்தத் தேவைக்கு எந்த ஆண்டில் மொழி தன் வேரிலிருந்து விடைதேடியது என்பதை அது காட்டுகிறது.

உணவுக்குப் பெயரிடுவதில் அவருக்கொரு தனிவழி இருந்தது. ராம்மோகன் தோல்மா புலாவ், துவாரகாநாத் ஃபிர்னி புலாவ் என முன்னோர் பெயரால் உணவுகள் அமைந்தன. ரவீந்திரநாதரின் ஐம்பதாம் பிறந்தநாளுக்கெனக் காலிஃபிளவரைக் கொண்டு செய்யப்பட்ட இனிப்பு 'கவி சம்வர்தனா பர்ஃபி' எனப்பட்டது. மறைந்த தம் மகளின் நினைவாக ஒரு பாயசத்துக்குச் 'சுரபி' என்று பெயரிட்டார். சுரபி என்றால் நறுமணம் என்று அகராதி கூறும். பாயசத்துக்கு அப்பெயர் பொருந்துவதால் மொழிபெயர்ப்பாளர் 'நறுமணப் பாயசம்' என்று எழுதிச் செல்வதும் இயல்பு. அவ்வாறு எழுதியவுடன் மகள் மறைந்துவிடுகிறாள். பெயர் பிறந்த சூழலை அறியாமல் இங்கே சரியான பெயர்ப்பு இயலாது.

4. நூலாகும்போது நீங்குவன

இதழில் வெளிவந்த குறிப்புகள் நூலாகத் தொகுக்கப்படும்போது சில மாற்றங்கள் இன்றியமையாதன. 'பாக்-பிரணாலி' இதழிலிருந்து பெருநூலாக மாறியது. இன்று வாசகர் கையில் கிடைப்பது அந்நூலே. 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்' 1995இல் ஆனந்த பப்ளிஷர்ஸாரால் மறுபதிப்புப் பெற்றது. இப்பதிப்புகள் செய்த பணி பெரிது. சமைக்க விரும்புவோர்க்கு இவை போதும். மொழியை ஆராய்வோர்க்கோ மூன்று இழப்புகள் நேர்கின்றன.

முதலாவது, நாள். ஒரு சொல் எந்தத் திங்களில், எந்த ஆண்டில் அச்சேறியது என்பதை இதழ் காட்டும். பல ஆண்டுகளின் குறிப்புகள் ஒரு நூலாகி உணவுவகை அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டபின் அச்சான்று மறைகிறது. வங்க இதழ்கள் பெரும்பாலும் வங்க ஆண்டையே குறிக்கும். அவ்வாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், ஏப்ரல் நடுமுதல் டிசம்பர்வரை 593ஐயும் சனவரி முதல் ஏப்ரல் நடுவரை 594ஐயும் கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். டிசம்பர் நடுவில் தொடங்கும் பௌஷ் திங்கள் இரண்டு கிறித்துவ ஆண்டுகளில் பரவும். திங்களின் பெயர் இல்லாமல் ஆண்டு மட்டும் எஞ்சிய பிரதியால் துல்லியமான காலம் கணிக்க இயலாமற் போவது இதனாலேயே.

இரண்டாவது, அண்டைப் பக்கம். இதழில் சமையற் குறிப்பின் அருகே வாசகர் கடிதமும் விளம்பரமும் விலைப்பட்டியலும் உள்ளன. புதிய கருவிகளின் பெயர் மொழிக்குள் நுழையும் வாயில்களுள் விளம்பரம் ஒன்று. 1910இல் கல்கத்தாவின் மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 'இக்மிக் குக்கர்' என்னும் அடுக்குப் பாத்திரத்தை உருவாக்கினார். கரியடுப்பின் ஆவியில் சோறும் பருப்பும் காயும் ஒருங்கே வெந்தன. தமிழகத்தில் 'ருக்மணி குக்கர்' என வழங்கியதும் இவ்வகைப்பட்டதே. அழுத்தத்தில் வேகவைக்கும் குக்கர் இந்தியாவில் பரவலானது 1950களின் இறுதியில் உள்நாட்டு உற்பத்தி தொடங்கியபின்னரே. 1920களின் வங்கக் கதையொன்றில் வரும் 'குக்கர்' என்னும் சொல்லைப் பெயர்ப்பவர் அது ஓசையெழுப்பும் கலம் என்று எண்ணினால் காட்சியே பிழைபடும். இவ்வேறுபாட்டை ஐயமற உணர்த்துவது அக்காலத்து விளம்பரப் படம்.

மூன்றாவது, கையெழுத்து. வீட்டில் பயன்பட்ட இதழின் ஓரங்களில் அளவுகள் திருத்தப்பட்டிருக்கும். அறியாத சொல்லுக்கு அவ்வூர்ச் சொல் எழுதப்பட்டிருக்கும். கிடைக்காத பொருளுக்கு மாற்று குறிக்கப்பட்டிருக்கும். இவை வட்டார வழக்கின் நேர்ச்சான்றுகள். மஞ்சட்கறை படிந்த பக்கத்தை நூலகர் சேதமுற்றது என்று ஒதுக்குவார். அந்தக் குறிப்பே அதிகம் புழங்கியது என்பதை ஆய்வாளர் அக்கறையிலிருந்து அறிவார்.

5. கலமும் வினையும்: மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

வங்க மொழியில் 'பாஜா' என்னும் சொல் எண்ணெயில் பொரித்த மீனுக்கும் வழங்கும். சூடான மணலில் வறுத்த கடலைக்கும் வழங்கும். தமிழில் வறுத்தல், பொரித்தல், வதக்கல் என்பன வேறுவேறு வினைகள். இவற்றுள் எதனைத் தேர்வது என்பதை வங்க வினை தானே தெரிவிப்பதில்லை. கலம் தெரிவிக்கிறது. 'பாலிகோலா' என்றிருந்தால் வறுத்தல். நிறைந்த எண்ணெயோடு 'கடாய்' என்றிருந்தால் பொரித்தல். கலப்பெயரின் பொருளை இழந்தவர் வினையின் பொருளையும் இழக்கிறார். பிரக்ஞாசுந்தரி தேவி கலங்களுக்கு விளக்கம் எழுதியதன் பயன் இங்கே வெளிப்படுகிறது.

'ஹாண்டி' என்பதைப் 'பானை' என்று எழுதிவிடுதல் பலர் வழக்கம். தோலோ ஹாண்டிக்கும் திஜேல் ஹாண்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதனால் மறைகிறது. தமிழில் இதற்கு இணையான பாகுபாடு ஏற்கெனவே உண்டு. குறுகிய வாயுடைய சோற்றுப்பானையும் அகன்ற வாயுடைய குழம்புச்சட்டியும் தமிழ் வீடுகளில் வேறாகவே வைக்கப்பட்டன. இப்பாகுபாட்டை நினைவிற்கொண்டால் பெயர்ப்பாளர் புதுச்சொல் தேடி அலையவேண்டுவதில்லை.

'ஃபோடன்' என்பது தாளிப்பு. இதற்குச் 'சம்பரா' என்னும் பெயரும் வங்க வழக்கில் உண்டு. ஒலியொப்புமை கருதி இதனைத் தமிழ்ச் 'சாம்பார்' என்பதோடு இணைத்துவிடுவது ஆய்வுநெறி ஆகாது. இரண்டும் சுட்டும் பொருள்கள் வேறு. 'பாஞ்ச் ஃபோடன்' என்பது சீரகம், கருஞ்சீரகம், வெந்தயம், சோம்பு ஆகியவற்றோடு 'ராந்துனி' சேர்ந்த ஐந்தின் கலவை. ராந்துனிக்கு ஈடாகக் கடுகு சேர்ப்பதும் உண்டு. ராந்துனி ஓமத்தின் இனத்தது, ஓமம் அன்று. ஓமம் என்றே பெயர்த்தால் சுவை மாறும். பெயரை அவ்வாறே வைத்து ஒரு சொல்லில் விளக்குவதே தக்கது.

'கஷா' என்னும் வினை அரைத்த மசாலையை இறைச்சியோடு சேர்த்து, அவ்வப்போது நீர் தெளித்து, எண்ணெய் பிரியுமளவும் கிளறிச் சுண்டவைப்பதைக் குறிக்கும். 'வதக்கல்' என்று ஒரு சொல்லால் பெயர்க்கும்போது நேரமும் பொறுமையும் விடுபடுகின்றன. 'சுண்ட வதக்கல்' என்னும் தொடர் இதற்கு நெருங்கிவரும்.

நூலின் தலைப்பிலேயே ஒரு சிக்கல் உள்ளது. 'நிராமிஷ்' என்பதைச் 'சைவம்' எனப் பெயர்ப்பது எளிது. தமிழில் சைவம் என்னும் சொல் சமயப் பெயரிலிருந்து உணவுக்கு வந்தது. புலால் இல்லாதது என்பதே அதன் வரம்பு. வங்காளத்தில், குறிப்பாகக் கைம்பெண்டிர்க்கு விதிக்கப்பட்ட உணவொழுக்கத்தில், வெங்காயமும் பூண்டும் மைசூர்ப்பருப்பும்கூட நிராமிஷ் உணவுக்குப் புறம்பானவை. மறுபுறம், காளி பூசையில் பலியிட்ட ஆட்டின் இறைச்சியை வெங்காயம் பூண்டு சேர்க்காமல் சமைத்து அதனை 'நிராமிஷ் மாங்ஷ' என்பர். 'சைவ இறைச்சி' என்று எவரும் எழுத இயலாது. ஒரு சொல்லின் எல்லையை அகராதி விளக்கத்தைக் காட்டிலும் அச்சொல் வழங்கும் குறிப்புகளின் வரிசையே தெளிவாகக் காட்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

6. அளவைகள்

பழைய வங்கக் குறிப்புகளில் சேர், போயா, சடாக், காஞ்சா, தோலா என்னும் அளவைகள் வருகின்றன. 80 தோலா ஒரு சேர். ஒரு சேர் 4 போயா அல்லது 16 சடாக். ஒரு சடாக் 4 காஞ்சா. ஒரு தோலா ஏறத்தாழ 11.66 கிராம் ஆதலின் ஒரு சேர் ஏறத்தாழ 933 கிராம் ஆகும். தமிழகத்திலும் 'சேர்' என்னும் எடைப்பெயர் வழங்கியது. சென்னை மாகாண வழக்கில் 3 தோலா ஒரு பலம். 8 பலம் ஒரு சேர். எனவே சென்னைச் சேர் 24 தோலாவே. வங்கச் 'சேர்' என்பதைத் தமிழில் மாற்றமின்றி எழுதினால் பழைய வழக்கறிந்த வாசகர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான எடையையே கொள்வார். சொல் ஒன்றாக இருப்பதே இங்குப் பிழைக்குக் காரணமாகிறது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இம்மாற்றத்துக்கு முன்பும் பின்பும் வந்த இதழ்களை ஒருசேர வைத்துப் பார்க்கும் வாய்ப்புள்ள தொகுப்பு, பழைய அளவைச்சொல் எவ்வாறு பின்வாங்கியது என்பதை ஆண்டுவாரியாகக் காட்டவல்லது. மறுபதிப்புகளில் பதிப்பாசிரியர் அளவைகளைக் கிராமுக்கு மாற்றிவிட்டால் இவ்வாய்ப்பும் இல்லை.

7. காத்தவர்கள்

1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டத்தின்கீழ் மாகாண அரசுகள் காலாண்டு நூற்பட்டியல்களை வெளியிட்டன. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படிகள் அனுப்பப்பட வேண்டும் என்றது. 1956இல் அது செய்தித்தாள்களையும் உள்ளடக்குமாறு திருத்தப்பட்டது. சட்டம் இருப்பதும் இதழ் நூலகத்தின் அடுக்கில் இருப்பதும் வெவ்வேறு. சமையல் இதழ் ஒரு திங்களில் பயன்முடியும் பொருளாகவே கருதப்பட்டது. மலிவான மரக்கூழ்த் தாள் சில பத்தாண்டுகளில் பழுத்து உடைகிறது. இரும்புத் தைப்பு துருவேறித் தாளை அறுக்கிறது. கட்டடம் செய்வோர் மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கிவிடுகின்றனர்.

இந்நிலையில் வீடுகளே முதற் காப்பகங்களாயின. தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த இந்திரா தேவி சௌதுராணி தாம் உண்டு சுவைத்த உணவுகளின் செய்முறையைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தார். அவர் அடுப்பருகே நின்றவர் அல்லர் என்பர். எனினும் குறிப்பேடு வளர்ந்தது. அது பூர்ணிமா தாகூரின் கைக்கு வந்து, 1980களில் அவர் எழுதிய 'தாகூர்பாடிர் ரான்னா' என்னும் நூலுக்கு அடிப்படையாயிற்று. வாரேந்திர வட்டாரத்தின் சமையலைத் தொகுத்த கிரணலேகா ராயின் 'பரேந்திர ரந்தன்' 1921இல் வெளிவந்தது. அவருடைய கணவர் சரத்குமார் ராய் வாரேந்திர ஆய்வுக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ஒரே வீட்டில் கணவர் கற்சிலைகளையும் செப்பேடுகளையும் திரட்டினார். மனைவி அதே நிலப்பகுதியின் உணவுப் பெயர்களைத் திரட்டினார். இரண்டும் அவ்வட்டாரத்தின் வரலாற்றுச் சான்றுகளே.

நிறுவனங்கள் பிந்தியே வந்தன. கல்கத்தா சமூக அறிவியல் ஆய்வு மையம் 1990களில் வங்க இதழ்களை நுண்படமெடுக்கத் தொடங்கியது; குடும்பங்களிடமும் சிறு நூலகங்களிடமும் இரவல் பெற்றே அப்பணி நடந்தது. அவ்விதழ்களுள் பல பின்னர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் துணையுடன் கணினிவழிக் காணத்தக்கனவாயின. 1972இல் தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் கழிக்கப்படவிருந்ததைக் கண்ட சந்தீப் தத்தா, 1978இல் தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் தொடங்கி 2023இல் மறையும்வரை நடத்திவந்தார். அவர் காத்தவை இலக்கியச் சிற்றிதழ்கள். சமையல் இதழுக்கும் பொருந்தும் பாடம் அதில் உண்டு: கழிக்கும் முடிவை நூலகம் எடுக்கும்போது அவ்விதழால் எந்த அறிவுத்துறை பயன்பெறும் என்பது அங்குள்ளார்க்குத் தெரிந்திருப்பதில்லை.

8. தமிழ்ச் சூழல்

தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்து இன்றும் பதிப்புக் காண்கிறது. நூலுக்கு இருந்த இவ்வாழ்வு வார, மாத இதழ்களின் சமையற் பகுதிகளுக்கு இல்லை. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வனைப் போன்ற தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைப்பது தமிழ் வீடுகளில் பரவலான வழக்கமாக இருந்தது. கதையின் பொருட்டுக் காக்கப்பட்ட தாளின் மறுபக்கத்தில் சில வேளை விளம்பரமும் வீட்டுக்குறிப்பும் எஞ்சியிருக்கும். ஒரு பக்கத்தைக் காக்க எண்ணியவர் மற்றொரு பக்கத்தையும் அறியாமலே காத்தார். இத்தகைய கட்டடங்களை ஆராய்வோர் மறுபக்கத்தையும் படித்தல் வேண்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனிமனிதராகத் திரட்டிய தமிழ் நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டுச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெற்றன. உயரிலக்கியம் என்றும் அன்றாடத் தாள் என்றும் பாகுபடுத்தாமல் சேர்த்தது அத்தொகுப்பின் சிறப்பு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போன்ற பணி மீண்டும் மேற்கொள்ளப்படுமாயின் அடுக்களைச் சொற்களுக்கான மேற்கோள்களை இத்தகைய தொகுப்புகளிலிருந்தே எடுக்கவேண்டும். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் உழவுத்தொழிற் சொற்களைக் கொண்டு தொழிற்சொல் அகராதி வரிசையைத் தொடங்கியது இதற்கு வழிகாட்டியாகும். களஆய்வு இன்று வழங்கும் சொல்லைத் தரும். நாளிட்ட இதழ் அன்று வழங்கிய சொல்லைத் தரும். இரண்டும் சேர்ந்தாலன்றிச் சொல்லின் வரலாறு முழுமை பெறாது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில கருத்துகள் பெறப்படுகின்றன. சமையல் இதழைப் பட்டியலிடும் நூலகம் ஆண்டோடு திங்களையும் இதழ் எண்ணையும் குறித்தல் வேண்டும். கட்டடம் செய்யும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் நீக்கலாகாது. ஓரக்குறிப்பு உள்ள பிரதியைத் தூய பிரதி கிடைத்தவுடன் கழித்துவிடாமல் இரண்டையும் வைத்தல் வேண்டும். மறுபதிப்பு வந்துவிட்டது என்பது மூல இதழை நீக்குவதற்குக் காரணமாகாது. தொகுப்பு வைத்திருக்கும் குடும்பத்தாரிடம் இதழ்களைக் கேட்டுப் பெறும்போது, உரியவர் உயிரோடிருக்கும் காலத்திலேயே ஓரக்குறிப்புகளின் பொருளையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நலம்.

திஜேல் ஹாண்டி என்னும் கலம் நகரத்து அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. அதில் பருப்பு வெந்தது என்பதையும் அதன் வாய் அகன்றிருந்தது என்பதையும் இன்று சொல்ல முடிகிறது. எல்லாரும் அறிந்த சொல்லுக்கும் விளக்கம் வேண்டும் என்று ஒருவர் கருதியதும், அவர் எழுதிய தாளைச் சிலர் எறியாமல் வைத்ததுமே அதற்குக் காரணம்.